உப்புக்கு நீலமாகும் பொன்

பொன்னை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் அது சிவப்பாகத் தோன்றும். துகள்கள் ஒட்டித் திரண்டால் நீலமாகும். வாயில் புற்றுநோய் தொடங்கும் காலத்தே உமிழ்நீரில் மிகும் ஒரு புரதத்தைக் கண்டதும் அவை திரளும்படி செய்வதே, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகளாக என் வேலை.

அந்த உணரியை, அதாவது சிவப்புக் கரைசல் அடைத்த சிறு குழாய்களை, முதன்முதலாக வெளியே கொண்டுசென்றது கடியப்பட்டணம் என்னும் கடலோர ஊருக்கு. புகையிலை மெல்லும் மீன்காரப் பெண்கள் சிலர் உமிழ்நீர் தர இசைந்திருந்தனர். அவர்களுள் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலம் இருந்தது. அவர் தந்த குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டதும் என் கையிலிருந்த சிறு குழாய் நீலமாயிற்று.

“நீலம்னா கேடாக்கும், இல்லியா சாரே?”

முடிவை எவர்க்கும் அறிவிக்கலாகாது என்பது நெறி. நோயறியும் தகுதி இந்தக் கருவிக்கு இன்னும் வரவில்லை என்றாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வெயிலில் நின்று களைத்திருந்தேன். வாய் திறவாமல் குழாயை மூடினேன். அதையே அவர் விடையாகக் கொண்டார்.

அன்று ஒரு குப்பி நீங்கலாக எல்லாமே நீலமாயின. எல்லாருக்குமா நோய் இருக்கும் என்று அப்போதே எழ வேண்டிய ஐயம் எனக்கு மறுவாரம்தான் எழுந்தது. மீண்டும் சென்றபோது, கன்னத்தில் படலம் இருந்த அந்தப் பெண் சந்தைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாராம்.

“அன்னைக்கு குப்பியில துப்புறதுக்கு முன்ன என்ன செஞ்சிய?” என்று கேட்டேன்.

“என்ன செய்ய? வாய நல்லா கொப்பளிச்சோம்.”

“எந்தத் தண்ணியில?”

“கடத்தண்ணியிலதான். படிச்ச மனுசன் கையில வெறும் எச்சிலையா தூக்கித் தர முடியும்? எல்லாருமா சேந்து போயி கழுவிட்டு வந்தோம். மேலவீட்டுக்காரி மட்டும் வரல்ல. அவளுக்கு எப்பவும் சோம்பலாக்கும்.”

உப்பும் அத்துகள்களைத் திரளச் செய்யும். முதலாண்டு மாணவர்க்கு நானே நடத்தும் பாடம் அது.

அன்றே மறுபடியும் உமிழ்நீர் வாங்கிச் சோதித்தேன். நிறம் மாறவில்லை. ஆனால் இந்தச் சிவப்பையும் நம்ப வேண்டாம் என்றேன். படலம் அங்கேயேதான் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்கு அவருடன் சென்றேன். சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தனர். முடிவுக்குக் காத்திருந்த நாள்களில் நான் ஆய்வுக்கூடத்தில் எதையும் தொடவில்லை.

புற்று இல்லை என்றார் மருத்துவர். புகையிலையை விட வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். வெளியே பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து அவர் முந்தானையால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உப்பு ஆகாத சாதனத்த கடப்புறத்துக்கு எதுக்கு சாரே கொண்டு வந்திய?”

“தப்புதான். மாத்திச் செய்யணும்.”

“செய்யுங்க. அடுத்தால வரும்போ நல்ல தண்ணியும் நீங்களே கொண்டாங்க. எங்க பைப்புத் தண்ணியும் உப்பாக்கும்.”

அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேருந்து வந்தது. கொடுத்த சருவத்தை நாத்தனாரிடம் எந்த முகத்தோடு திரும்பக் கேட்பது என்று, இறங்கும்வரை அவர் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.