கைக்கு இன்னும் ஆர்டர் வரவில்லை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றிருந்தபோது, நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. "மேடம், ஞானம் சார் தவறிட்டாருங்க. டீ குடிச்சிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." வண்டி வந்தது, ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. இனி அதை என்ன செய்வது என்றுதான் வழி முழுக்க யோசித்தேன்.

புதிய பல்கலைக்கழகம் விழுப்புரத்தில் மூன்று அறைகளில் தொடங்கியபோது தேர்வுப் பிரிவுக்குக் கண்காணிப்பாளராக வந்தவர். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரை அப்போதிலிருந்தே அறிவீர்கள். பெயர்ப்பலகை கூட வந்திருக்கவில்லை. "போர்டு வர்றதுக்குள்ள பசங்க வந்துடுவாங்க" என்று துணியில் பெயர் எழுதி வாசலில் கட்டினார்.

நான் அப்போது, பழைய பல்கலைக்கழகத்திலிருந்து இதன்கீழ் மாற்றப்பட்ட திண்டிவனம் கல்லூரி ஒன்றில் தேர்வுப் பொறுப்பாளர். விடைத்தாள் கட்டைத் துணியில் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, மேலே முகவரி எழுதி அனுப்புவோம். புதிய பல்கலைக்கழகத்தின் முதல் தேர்வில், பல ஆண்டுகள் எழுதிய பழைய பல்கலைக்கழகத்தின் முகவரியையே எழுதிவிட்டேன். கட்டு அங்கே போய்விட்டது. யாராவது முத்திரையை உடைத்திருந்தால் தேர்வு செல்லாது. விடுமுறைக்கு ஊர் போய்விட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் மறுபடி எழுத வேண்டும்.

தவறு தெரிந்த மறுநாள் ஞானம் சார் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திட்டவில்லை. அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தை நீட்டினார். தானும் ஒரு கடலையை உரித்துக்கொண்டே சொன்னார்: "நேத்து லீவ் லெட்டர்ல நானும் பழைய ஆபீஸ் பேரத்தான் எழுதினேன். நமக்கு ஆர்டர் வந்துடுச்சி மேடம், கைக்கு இன்னும் வர்ல."

பழைய பல்கலைக்கழகத்தில் கட்டு ஒரு மூலையில் முத்திரை கலையாமல் கிடந்தது. அங்கிருந்த எழுத்தர் சிரித்தார். "இன்னா சார், தனிக்குடித்தனம் போயும் சோறு இங்கதானா?"

"கட்டிக் குடுத்துட்டா தாய் வூட்ட மறந்துடணுமா?" என்றார் இவர்.

நடந்ததை எழுதித் தரும்படி சொல்லியிருந்தார். திரும்பும்போது கேட்டேன்: "கட்டுதான் கிடைச்சிடுச்சே சார். எழுத்துல கொண்டு வரணுமா? என் சர்வீஸ்ல ஒரு மெமோ கிடையாது."

அலுவலகத்தில் எந்தக் கடிதமும் முந்தைய கோப்பைப் பார்த்தே எழுதப்படும். அவர் அதைத்தான் சொன்னார். "நமக்கு முன்னால ஃபைலே இல்லிங்க. இனிமே தப்பு பண்றவங்க இதப் பாத்துதான் எழுதுவாங்க. நடந்தத எழுதிடுங்க."

எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது. அதன்பின் வேலையைத் தாண்டி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானே அந்தப் பிரிவுக்கு வந்து அடுத்த மேசையில் உட்கார்ந்த பிறகும், அவர் ஓய்வு பெற்ற நாளிலும்கூட.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தக் கோப்பை எடுத்தேன். என் கடிதம் எனக்குத் தெரியும். அதன்மேல் பிரிவில் எழுதிய குறிப்புத் தாளைத்தான் நான் பார்த்ததில்லை. அவர் கையெழுத்தில் முதல் வரி இப்படி இருந்தது: "புதிய முகவரி அச்சிட்ட சீட்டுகளைத் தேர்வுக்கு முன் கல்லூரிக்கு அனுப்பாதது இப்பிரிவின் தவறு; அதற்கு நானே பொறுப்பு." அடுத்த தாள், அவருக்கு வந்த மெமோ.

அவர் சொல்லவில்லை. சொல்லும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

நேற்று ஒரு கல்லூரிக்கு வினாத்தாள் பெட்டி தாமதமாகப் போனது. கல்லூரி ஆள் வரவில்லை என்று தொடங்கிய குறிப்பைக் கிழித்துப் போட்டேன். பெட்டியை நாங்கள் எத்தனை மணிக்குக் கட்டி முடித்தோம் என்பதை முதலில் எழுதினேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த முதல் வரி.