திருடு போன என் கையெழுத்து

புளி வியாபாரத்தில் புழுவுக்குப் பயப்படுவோம், மழைக்குப் பயப்படுவோம். சொந்தக் கையெழுத்துக்கும் பயப்பட வேண்டிவரும் என்று, செக் புத்தகம் வைத்திருக்கும் சக பாவிகளே, எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜீப்பில் போன சீட்டு

எங்கள் ஜவ்வாது மலையில் பேங்க் வேலைக்கு ஆள் போவதில்லை, காகிதம்தான் போகும். ஷேர் ஜீப்பில் கொடுத்துவிட்டால் டிரைவர் கீழே சேர்த்துவிடுவார். புது செக் புத்தகம் கேட்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டு, வாங்கிக்கொள்பவர் பெயரை மட்டும் எழுதாமல் நானும் அப்படித்தான் அனுப்பினேன். பத்து நாளாகியும் புத்தகம் வரவில்லை. டிரைவர் முருகேசனைக் கேட்டேன்.

"வண்டில வந்த ஒருத்தரு பேங்குக்குத்தான் போறேன்னாரு, அவருகிட்ட குடுத்துட்டேன். நீங்க அனுப்புன ஆளு இல்லீங்களா?"

மேனேஜர் அறை

அடித்துப் பிடித்து மலையிறங்கினேன். சீட்டில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்துப் போட்டுப் பழகிவிட்டுத்தான் அதைப் பேங்கில் கொடுத்துப் புத்தகத்தை வாங்கியிருக்கிறான் ஜீப்பில் வந்த அந்தப் புண்ணியவான். மூன்று செக் பாஸாகியிருந்தது. கணக்கை முடக்கச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் கோணல். மேனேஜர் என் மனுவையும் பாஸான செக் ஒன்றையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்களுதவிட அவன் போட்டதுதான் உங்க கையெழுத்து மாதிரி இருக்கு."

லட்சுமியம்மா வீடு

போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கிய பிறகுதான் அடுத்த பயம் பிடித்தது. கணக்கு முடங்கினால் நான் நிஜமாகக் கொடுத்த செக்கும் திரும்பிவிடும். எனக்குப் புளி விற்கும் லட்சுமியம்மா, அதற்கு நான் கொடுத்த செக்கைத்தான் மகளின் நர்சிங் படிப்புக்கு நம்பியிருந்தார். ஏமாற்றுக்காரன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மலையில் எனக்கு ஒருவரும் புளிய மரம் உலுக்க மாட்டார்கள். உங்களுக்கும் சொல்கிறேன்: பேங்க், போலீஸ், அதற்கடுத்து நம் செக்கை வைத்திருப்பவர் வீடு. போன் பண்ணித் தப்பிக்காதீர்கள்.

நடந்ததைச் சொல்லி, வேறு கணக்கு திறந்ததும் ஃபீஸ் கட்டும் தேதிக்குள் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. உள்ளே போய் மகளிர் குழுவின் மை டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"கையெழுத்துதான் களவு போய்ட்ச்சே, அது இன்னாத்துக்கு? கட்டை வெரல வெச்சுட்டுப் போங்க."

சொன்ன தேதிக்குள் லட்சுமியம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது, என்னுடையது இன்னும் விசாரணையில் இருக்கிறது, படித்தவன் என்று இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த என் சட்டைப் பையில் இப்போது பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு மை டப்பாவும் இருக்கிறது.