நாக்குக்குக் கீழே ஒன்று, பொக்கெட்டில் ஒன்று: கிண்ணியாத் துறையில் தப்பின கதை

போன கிழமை கிண்ணியாப் பாலத்தால் வாடகை வான் ஒன்றில் வந்துகொண்டிருந்தோம். பாலத்தின் கிண்ணியாப் பக்கத்து முனை வந்ததும் என் மனைவி மலர் யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சாரதி கண்ணாடியில் பார்த்து, என்ன அம்மா சிரிப்பு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டோம். பாலம் இல்லாத யுத்த காலத்தில் அந்த இடத்தில்தான் மணல்மூட்டை அடுக்கின சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி, இருந்தது. அவருக்குச் சொல்லாத கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

முன்னமே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் கடற்கரையும் இல்லை, கோயிலும் இல்லை, வெந்நீர்க் கிணறும் இல்லை. ஆண்மைக் குறைவுக்குக் குளிசை தேடி யாருக்கும் தெரியாமல் ஊர் விட்டு ஊர் போக யோசிக்கிற ஆம்பிளையளுக்காக எழுதுகிறேன். இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களும் வாசிக்கலாம், முகத்தை மட்டும் சுளிக்காதேயுங்கோ.

சமாதான காலம் என்று சொன்னது குழம்பி, திருகோணமலையில் திரும்பவும் சென்றியும் ஊரடங்கும் வந்திருந்த நேரம். எனக்கு நாற்பத்தொன்பது வயது. அன்புவழிபுரத்தில் வீடு, நகரத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து எட்டு வருசம். குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன் என்று எல்லாருக்கும் சொல்வேன், போடுவது ஞாபகம் வந்தால்தான். நெஞ்சு ஒருமுறை இறுக்கிப் பிடித்ததால், நாக்குக்குக் கீழே வைக்கிற சின்னக் குளிசைப் போத்தலும் எப்போதும் சேட்டுப் பொக்கெட்டில் இருந்தது.

அந்த வருசம்தான் மற்றப் பிரச்சினையும் தொடங்கியது. முதலில் களைப்பு என்று நினைத்தேன். பிறகு ஊர் நிலவரத்தில் பழியைப் போட்டேன். அதற்குப் பிறகு மலரிடமிருந்து ஒளிக்கத் தொடங்கினேன். ரேடியோவில் செய்தி கேட்கவேணும் என்று விறாந்தையிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிடுவேன். மலர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் பயம். சத்தம் போடுகிற மனுசி சத்தம் போடாமல் விட்டால் வீட்டில் என்னமோ முடிந்துகொண்டு வருகுது என்றுதான் அர்த்தம். ஒரு நாள் கந்தோரால் வந்து பார்க்கிறேன், அலுமாரிக்கு மேல் கிடந்த சூட்கேஸ் கீழே இறங்கித் திறந்து கிடக்கிறது. மட்டக்களப்பில் இருக்கிற தமக்கை வீட்டில் கொஞ்ச நாள் நின்றுவிட்டு வரப்போகிறேன் என்றாள். கொஞ்ச நாளுக்கு இவ்வளவு பெரிய சூட்கேஸா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை போகிறாள். அதற்குள் ஏதாவது செய்யவேணும். புதன்கிழமை கந்தோருக்கு அரை நாள் லீவு போட்டேன்.

நகரத்தில் மருந்துக்கடை இல்லாமல் இல்லை. ஒன்றில் நிற்கிறவர் மலரின் தமையனோடு படித்தவர். மற்றதில் நிற்கிற பிள்ளைக்கு வேலை எடுக்க நற்சான்றிதழ் கொடுத்ததே நான்தான். அந்தப் பிள்ளையிடம் போய் எப்படி இதைக் கேட்கிறது? மானம் கப்பலேறிவிடும், எங்கள் ஊரில் கப்பலுக்கும் குறைவில்லை. அதனால் என்னை ஒருத்தருக்கும் தெரியாத கிண்ணியாவுக்குப் போவதாக முடிவெடுத்தேன். பெரிய மூளைசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்றைக்குப் போகிறவர்களுக்கு அது அரை மணித்தியாலப் பயணம்கூட இல்லை. அன்றைக்கு அன்புவழிபுரம் சந்தியில் பத்தரைக்கு ஏறின தனியார் பஸ், சீனக்குடாவில் எல்லாரையும் இறக்கி நடக்க வைத்து, மறுபடி ஏற்றி, வெள்ளைமணலுக்கு வந்து சேரப் பன்னிரண்டாகிவிட்டது. தூரம் இருபது கிலோமீற்றருக்கும் குறைவு. அங்கிருந்து பாதையில் ஏறவேணும். வெளியூர் ஆக்களுக்கு ஒரு விளக்கம்: பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை, மாடும் சைக்கிளும் லொறியும் ஆக்களும் சேர்ந்து ஏறி வாவியைக் கடக்கிற மிதவைத் தளம். நின்றபடியே போகலாம், பத்து நிமிசம். காற்று நல்லா இருக்கும், மீன் கூடைக்குப் பக்கத்தில் நிற்காவிட்டால்.

கந்தோரில் ஒருவர் யாருக்கோ சொன்னதை ஒட்டுக்கேட்டுத்தான் கடையைத் தெரிந்துவைத்திருந்தேன். அது மருந்துக்கடையே இல்லை. அத்தரும் டோர்ச்லைற்றும் பிளாஸ்ரிக் பூவும் விற்கிற கடை. முதலாளி என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார். எத்தனை என்று மட்டும்தான் கேட்டார். வருத்தம் இருக்கா, வேறு குளிசை போடுறீங்களா, ஒன்றும் கேட்கவில்லை. நான் நாலு என்றேன். பெரிய தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டித் தந்தார். நீல நிறக் குளிசை. பெயர் பாதியில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது, திகதி எங்கேயும் இல்லை. வெளிநாட்டுச் சாமான், நல்ல பவர் என்றார். கேள்வி கேட்காத மனுசன் என்று அவரை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் ஒன்று போடவேணும் போல இருக்கிறது.

திரும்பித் துறைக்கு நடந்து வரும்போது வெயில் கொளுத்தியது. குளிசையைக் கொண்டுபோகிற பயம் வேறு. நெஞ்சு லேசாக இறுக்கியது. வழக்கம்போலப் போத்தலைத் திறந்து ஒன்றை நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

சென்றியில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சோற்றுப் பார்சலை அவிழ்த்து, ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டச் சொன்னார்கள். வெடிமருந்தோ நஞ்சோ இல்லை என்று காட்ட அந்தக் காலத்தில் அது வழக்கம். தண்ணிப் போத்தல் என்றாலும் நாங்கள்தான் முதலில் குடித்துக் காட்டவேணும். என் முறை வந்தது. ஆமிக்கார இளைஞர் என் காற்சட்டைப் பொக்கெட்டுக்குள் கையை விட்டு அந்தத் துண்டுத் தாளை வெளியே எடுத்தார். என்ன மருந்து என்று கேட்டார். தலையிடிக்கு என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், பெயர் இல்லை.

"தலையிடிக் குளிசை எண்டா ஒண்டு போட்டுக் காட்டு" என்றார் சிங்களத்தில்.

உண்மையைச் சொல்கிறேன், நெஞ்சைப் பற்றியோ உயிரைப் பற்றியோ நான் யோசிக்கவே இல்லை. என் பயம் வேறு. இதை இங்கே விழுங்கினால், பாதையில் நூறு பேருக்கு நடுவே, பிறகு பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, எனக்கு என்ன கதி? கடைக்காரர் வேறு நல்ல பவர் என்று சொல்லியிருக்கிறார். ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தபடி நின்றேன், வாய்க்குக் கொண்டுபோகக் கை வரவில்லை. போடு என்று அவர் மறுபடி சொன்னார். எனக்குத் தெரிந்தது கந்தோர்ச் சிங்களம், அதில் இந்த வருத்தத்துக்குச் சொல் இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தித் தமிழிலேயே, "சேர், இது கலியாணம் கட்டின ஆக்களுக்கான குளிசை" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. பின்னால் கதிரையில் இருந்த வயதான சார்ஜனுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எழும்பி வந்து நாலு குளிசையையும் வாங்கினார், என் அடையாள அட்டையையும் வாங்கினார். டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கிவந்தால் இரண்டையும் தருவேன் என்றார். அட்டை இல்லாமல் அந்த நாளில் ஒரு சந்திகூடத் தாண்ட ஏலாது. கடைசிப் பாதை ஆறு மணிக்கு. சபித்துக்கொண்டே ஊருக்குள் திரும்ப நடந்தேன்.

விசாரித்துக்கொண்டு போனால், பள்ளிவாசல் ரோட்டில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரி. நாலு மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீயும் வாய்ப்பனுமாக நேரத்தைப் போக்கிவிட்டு நாலு மணிக்கு உள்ளே போனேன். நோயாளிகள் காத்திருக்கிற வாங்கில் இருந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கோயில் நிர்வாகசபையில் மேசையில் அடித்துக் கதைக்கிற மனுசன்! அவரும் என்னைக் கண்டுவிட்டார். இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் இருந்த தாய்ப்பால் போஸ்டரை ஒரு எழுத்து விடாமல் வாசித்தோம்.

டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், கிண்ணியாக்காரர். நான் இழுத்து இழுத்துச் சொல்ல, அவசரப்படுத்தாமல் கேட்டார். உங்கட டவுண் ஆக்கள் இங்க வாறாங்க, எங்கட ஆக்கள் அங்க போறாங்க, பாதைக்காரருக்குத்தான் வேலை என்றார். அதோடு என் வெட்கத்தில் பாதி போய்விட்டது. பிறகு கேள்விகள் தொடங்கின. சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, சிகரெட் உண்டா, என்னென்ன குளிசை போடுறீங்க? நான் சேட்டுப் பொக்கெட்டிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். டொக்டரின் முகம் மாறிவிட்டது.

"இதக் கடைசியா எப்ப வெச்சீங்க?"

"இண்டைக்குத்தான். மத்தியானம், வரிசையில நிக்கேக்க."

பேனையைக் கீழே வைத்தார். "அந்த நேரம் மத்தக் குளிசையையும் விழுங்கியிருந்தா, பிரஷர் ஒரேயடியா இறங்கியிருக்கும். பாதையில வெச்சே விழுந்திருப்பீங்க. எழும்பியிருப்பீங்களோ தெரியாது."

வெட்கத்தால்தான் இவ்வளவு தூரம் வந்தேன், உயிரைக் காப்பாற்றினதும் அதே வெட்கம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. என்னை அறியாமல் அழுதுவிட்டேன். அவர் விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, மிச்சத்தை ஆறுதலாகச் சொன்னார். சீனியைக் கவனிக்காமல் விட்டால் நரம்பும் சின்ன இரத்தக்குழாயும் பழுதாகும், இந்தப் பிரச்சினை வரும், இது வெட்கப்படுகிற விசயமே இல்லை. சிலருக்கு இருதய வருத்தம் வரப்போகுது என்பதற்கு இதுதான் முதல் அறிகுறி, அதனால் நெஞ்சைப் பார்க்காமல் இந்தக் குளிசை எழுத ஏலாது என்றார். கடையில் வெட்டித் தருகிறதற்குள் என்ன இருக்குதென்று விற்கிறவனுக்கே தெரியாது, மருந்து துளிகூட இல்லாமலும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம். எல்லாம் சொல்லிவிட்டு, வீட்டில மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

துண்டில், இந்தக் குளிசை இவருக்குக் கூடாது, அழித்துவிடவும் என்று சிங்களத்தில் எழுதித் தந்தார். சார்ஜன் வாசித்துவிட்டு, என் கண் முன்னாலேயே நாலையும் சப்பாத்துக் காலால் நசுக்கினார். அடையாள அட்டையைத் தந்து, வீட்டுக்குப் போ ஐயா என்றார். கடைசிப் பாதையில் மீன் கூடைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அந்த நாற்றத்தை மூச்சு இழுத்து இழுத்து அனுபவித்தேன். உயிரோடு இருக்கிற ஆளுக்குத்தானே நாற்றம் தெரியும்.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றபடியே மலருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பேசினாள், நல்ல பேச்சு, இங்கே எழுத ஏலாது. செத்துப்போயிருந்தா நான் ஆரிட்டக் கேக்கிறது என்று கத்தினாள். பிறகு முட்டுக்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தாள்.

"எனக்குத்தான் வயசு போட்டுது, என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே."

வெள்ளிக்கிழமை அவள் மட்டக்களப்புக்குப் போகவில்லை. சூட்கேஸ் மட்டும் கீழேயே கிடந்தது, பார்ப்போம் என்கிற மாதிரி.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் பரிசோதனை. அதற்குக் கண்டிக்கு ஒருமுறை போய்வரவேண்டியிருந்தது. இருதயத்தில் அடைப்பு இல்லை, நெஞ்சு இறுக்கினது வாயுவும் பயமும்தான் என்றார் அங்கிருந்த இருதய டொக்டர். சின்னப் போத்தல் இனித் தேவையில்லை என்று எழுதியும் தந்தார். கவனியுங்கோ, நிறுத்தினது அவர், நானாக நிறுத்தவில்லை. காலையில் நடை, சீனிக் குளிசை நேரத்துக்கு நேரம், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் கிண்ணியா டொக்டர் மற்றக் குளிசையை எழுதினார், அதுவும் ஆகக் குறைந்த அளவில். பதிவான மருந்துக்கடையில், பெயரும் திகதியும் உள்ள முழு அட்டையாகத்தான் வாங்கவேணும் என்றார். அன்றைக்கு மலரும் கூட வந்தாள். பஸ் காசும் பாதைக் காசும் இரண்டு பேருக்கும் சேர்த்து, கத்தரிக்கோல்காரருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கும் வராது.

திரும்பி வரும்போது அதே சென்றி. ஆம்பிளையளுக்கு ஒரு வரிசை, பொம்பிளையளுக்கு ஒரு வரிசை. அங்கேயே வாங்கின குளிசை மலரின் கைப்பையில் இருந்தது. பெண் பொலிஸ் அதை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்து, இது என்ன, யாருக்கு என்று கேட்டாள். இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"என்ர மனுசனுக்கு" என்றாள் மலர், அந்தத் துறை முழுக்கக் கேட்கிற மாதிரி. "டொக்டர் துண்டும் இருக்கு. எனக்கும் சேர்த்துத்தான்."

பொம்பிளையள் வரிசை கொல்லென்று சிரித்தது. அந்தக் காலத்தில் ஒரு சென்றியில் இத்தனை பேர் சேர்ந்து சிரித்து நான் கேட்டதில்லை. பெண் பொலிசும் சிரித்தபடி துண்டைப் பார்த்துவிட்டுக் குளிசையைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மலர் சூட்கேஸைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைக்கச் சொன்னாள்.

ஆனால் அதற்கு முன்னால், வரிசையிலேயே இன்னொன்று நடந்தது. எனக்குப் பின்னால் நின்றவர், முன்பின் தெரியாத மனுசன், தோளைத் தொட்டார். காதுக்குக் கிட்ட வந்து, அண்ணே, அந்த டொக்டர் எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டார்.

பின்னேரம் நாலு மணிக்கு என்று சொன்னேன். போடுற குளிசை எல்லாத்தையும் கையோட எடுத்துக்கொண்டு போங்கோ, மனுசியையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்றும் சொன்னேன்.