அமாவாசைக்கு மட்டும் விளம்பரம்

இன்று காலையிலிருந்து என் போன் மேசை மேல் துள்ளிக்கொண்டே இருக்கிறது. காப்பர் டியூப், கம்ப்ரசர், கேஸ் சிலிண்டர் என்று படம் படமாக வருகிறது. போதாக்குறைக்கு ஒருவர் தன் மச்சான் கடை மல்லாட்டை எண்ணெய்க்கும், அதாவது கடலை எண்ணெய்க்கும், படம் போட்டிருக்கிறார். "அத்த அமுக்கித்தான் வையேன்யா, பேஜாரா இருக்குது" என்கிறாள் வீட்டுக்காரி. நான் அமுக்கவில்லை. இன்று அமாவாசை, பட்டறைக்கு லீவு. இந்தச் சத்தம் நான் சண்டை போட்டு ஜெயித்த சத்தம். கேட்கக் கேட்க இனிக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக்குகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நான் திண்டிவனத்தில் பட்டறை போட்ட புதிதில், குழுவை நடத்தும் விழுப்புரத்து குணா அண்ணன் என்னையும் அதில் சேர்த்துவிட்டார். அப்போது என் பட்டறையில் ஒரு ஸ்டூலும் ஏகப்பட்ட தைரியமும்தான் இருந்தன. தெரியாததைக் குழுவில் கேட்பேன், யாராவது பதில் சொல்வார்கள். பிறகு பிறக்கும்போதே அதைத் தெரிந்துகொண்டு வந்தவனைப் போல வாடிக்கையாளருக்கு விளக்குவேன். சிரிக்காதீர்கள், உங்கள் தொழிலிலும் இது நடக்காமலா இருக்கும்?

முதல் விளம்பரம் போட்டவர் செல்வராசு அண்ணன். விழுப்புரத்தில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். நல்ல சரக்கு, நியாயமான ஆள். எல்லோரும் கைகூப்பி வரவேற்றோம், நானும்தான். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? பைபாஸ் ஓரம் மனை விற்பவர் வந்தார், டீத்தூள்காரர் வந்தார், இன்சூரன்ஸ்காரர் வந்தார். ஏசி மெக்கானிக்குக்கு எதற்கு ஐயா கல்யாணப் பந்தல்? அதுவும் வந்தது.

மீன் வாடை அடித்தால் எனக்கு அந்தக் கோடைதான் ஞாபகம் வருகிறது. மரக்காணத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் அஞ்சலை அக்கா இருக்கிறார். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்த மீனை வியாபாரி சொன்ன விலைக்கே தள்ளிவிட வேண்டியிருந்தது, வைத்திருந்தால் கெட்டுவிடுமே. அக்கா துணிந்து ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கிப் போட்டார். குப்பத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். அந்த ஃப்ரீசர்தான் உச்சி வெயிலில் நின்றுபோனது.

போய்த் திறந்தேன். போர்டில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. ஒவ்வொரு கம்பெனிக்கும் மினுக்கலுக்கு ஒவ்வொரு அர்த்தம். எனக்கு இது புரியவில்லை. வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். போன் அதிர்ந்தது, ஆசையாக எடுத்தேன், மனை. மறுபடி அதிர்ந்தது, டீத்தூள். அடுத்து செல்வராசு அண்ணனின் காப்பர். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கழற்றினேன், மாட்டினேன், வேர்த்தேன். ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்து கொட்டினோம். பாதி மீன் பிழைத்தது, மீதி நாறிவிட்டது.

பொழுது சாயும்போது குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். நான் கேட்ட கொஞ்ச நேரத்திலேயே குணா அண்ணன் பதில் போட்டிருந்தார்: "ஃபேன் சார்ட் ஆயிருக்கும்பா. அதோட வயர கழட்டிட்டு, டேபிள் ஃபேன கிட்ட வெச்சி ஓட்டு." மனைக்கும் டீத்தூளுக்கும் நடுவே அது கிடந்தது. அப்படியே செய்தேன், ஃப்ரீசர் உடனே ஓடியது. அக்கா அழுதுகொண்டே கேட்டார்: "அத்தினி பேரு பேசிக்கினு இருந்தானுங்களே தம்பி, உனக்கு வேண்டியத்த மட்டும் காட்டாதா அந்தப் போனு?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. வழியிலேயே பைக்கை நிறுத்திக் குழுவில் வாய்ஸ் போட்டேன். "இது மெக்கானிக் குரூப்பா, மேல்மலையனூர் திருவிழாக் கடையா?" அதற்குச் செல்வராசு அண்ணன் பதில் வாய்ஸ் போட்டார். "கட வெச்சிருக்கறவன் கூவாம எப்டி தம்பி யாவாரம் பண்றது? நான் போட்டத்த பாத்துதானே போன மாசம் நீ ரிலே வாங்கினு போன?" நியாயமான கேள்விதான். குழு இரண்டாகப் பிரிந்து கட்டிப் புரண்டது. குணா அண்ணன் அலுத்துப்போய், "நேர்ல வந்து பேசி முடிங்க. இல்லாட்டி குரூப்ப கலச்சிடுவேன்" என்றார். கலைத்தால் என்னைப் போன்றவன் யாரைப் போய்க் கேட்பான்? பட்டறையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

எல்லோருக்கும் லீவு அமாவாசைக்குத்தான். அன்று விழுப்புரத்தில் ஒரு டீக்கடையில் கூடினோம். காரசாரமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில், விளம்பரத்துக்கு அடியில் புதைந்துபோன யாருடைய கேள்வியையாவது ஆதாரமாகக் காட்டலாமென்று போனைத் திறந்தேன். காலையிலிருந்து ஒரு கேள்விகூட இல்லை. எப்படி இருக்கும்? எவன் வேலை செய்கிறான்? எழுந்து கத்தியே விட்டேன்: "அண்ணே, அமாவாசைக்கு மட்டும் விளம்பரம் போடுங்க! இன்னிக்கு எவனுக்கும் சந்தேகம் வராது!"

செல்வராசு அண்ணன் முறைத்தார். "இன்னாபா, மாசத்துல ஒரு நாளுதான் நான் வாயத் தொறக்கணுமா?"

"அந்த ஒரு நாளுதான் அல்லாரும் குந்திக்கினு போன நோண்டுறோம்" என்றார் குணா அண்ணன்.

செல்வராசு அண்ணன் அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார். அடுத்த அமாவாசை சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஆர்டர் எடுத்து எடுத்துக் காது சூடாயிடுச்சிபா!" நான் தெருவில் ஒரு குத்தாட்டமே போட்டேன். மனைக்காரரும் டீத்தூள்காரரும் ஒரு நாளுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தாங்களாகவே கழன்றுகொண்டார்கள்.

மறு கோடையில் அக்காவின் ஃப்ரீசர் வேறு விதமாக மினுக்கியது. கேட்டேன். கை வேர்ப்பதற்குள் பதில் வந்தது, அனுப்பியவர் செல்வராசு அண்ணன். எந்த கனெக்டரைத் துடைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார், அவர் கடைப் பெயரைக்கூடப் போடவில்லை. ஒரு மீன் கெடவில்லை.

மீன் நாறிய அந்த முதல் கோடைக்குப் பிறகு, நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாலே அக்கா கொல்லைக்கு ஓடி, பெரிய தெர்மாகோல் பெட்டியைக் கழுவி ஐஸுக்குத் தயாராக வைப்பார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை! போன வாரம் சர்வீஸுக்குப் போனபோது அந்தப் பெட்டியைத் தேடினேன். மூலையில் வைக்கோலோடு கிடந்தது, உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து தலையைக்கூட நீட்டாமல் சொன்னார்: "அது இனிமே அவளுக்குத்தான் தம்பி. நீ உன் வேலையப் பாரு."