அவர் மஸ்கட்டிலிருந்து எழுதிய மெயில்கள்

முருகனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் கோமதி. விருதுநகர் பக்கத்துக்காரி. புனேயில் சிஞ்ச்வட்டில் குடியிருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருடம் தை மாதம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கையும் காலும் பயிற்சியில் கொஞ்சம் தேறின. பேச்சு மட்டும் வரவில்லை. வாய் ஓயாமல் பேசுகிற மனிதர்.

முதல் மாதத்தோடு எனக்கு அழுகை நின்றுவிட்டது. சமைத்தேன், ஊட்டினேன், துணி மாற்றினேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. டீ சூடா ஆறிவிட்டதா என்பதுகூட நாக்குக்குத் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அவருக்குப் பழகிய வார்த்தைகளைக் காதில் போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார். அப்போதுதான் அந்த மெயில்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் மகள் பிரியா சின்னவளாக இருந்தபோது அவர் ஆறு வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்தார். வாரம் இரண்டு மெயில் எழுதுவார். அந்த மெயில் கணக்கு எப்போதோ மூடிப்போனதால் அவை எங்கள் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன.

தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று வாசிப்பேன். அவர் என் வாயையே பார்ப்பார். சில வரிகளுக்கு இடது கை விரல்கள் போர்வையை இறுக்கிப் பிடிக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் கம்ப்யூட்டர் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றது. அன்று மதியம் வாசிக்க ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்து வாசிக்கும் நாற்காலியைப் பார்த்தபடி அவர் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இதே புனேயில் மகர்பட்டாவில் வேலை பார்க்கும் பிரியா ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போனாள். முதல் கடையில் செத்துப்போச்சு என்று திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொருவர் திறந்து பார்த்தார். படிக்கிற பாகம் உடைந்திருக்கிறது, இதே மாடலில் இதே சமயம் செய்த டிஸ்க் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து பாகத்தை எடுத்து மாற்றிப் பார்க்கலாம் என்றார். பிரியா மூன்று வாரம் தேடினாள்.

"கஹீன் நஹீன் மில் ரஹா மம்மி. எங்கயும் கிடைக்கல. விட்டுடு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விளக்கேற்றினேன். எத்தனையோ வருடமாக வேண்டுதல்களை வரிசையாகச் சொல்கிற நான், அன்று ஒன்றும் தோன்றாமல் நின்றேன். "முருகா, அவர் குரலை ரெண்டு தடவை எடுத்துக்கிட்ட. எனக்கு அழக்கூட வரல. நீயே பாத்துக்கோ." இவ்வளவுதான் சொன்னேன். பிறகு போய் அரிசி களைந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குப்பை வைக்கக் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு மராத்திக்கார அக்கா சுனந்தா தாயி பழைய சாமான்களை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போகிறது என்றார். அதில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எங்களுடையது மாதிரியே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடிவந்த புதிதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே நாளில்தான் வாங்கினோம். என் அரைகுறை மராத்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே மாடல், ஒரே மாதத்தில் செய்தவை. டிஸ்க்கைத் திறந்து பார்த்தவரே பாகத்தை மாற்றிக் கொடுக்க, பத்து நாளில் மெயில்கள் வந்துவிட்டன. முதல் இரண்டு வருடத்தவை மட்டும் போனது போனதுதான். பிரியா போனில் அழுதாள். நான் சரி என்று சொல்லிவிட்டு பீன்ஸ் நறுக்கப் போனேன்.

மதியம் பழையபடி உட்கார்ந்து வாசித்தேன். அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். ஆங்கில எழுத்தில்தான் அவர் தமிழ் எழுதுவார். அதில் குறில் எது, நெடில் எது என்று நாமேதான் ஊகிக்க வேண்டும். மனசு அதில் இல்லாததால் நான் பாட்டுக்கு வாசித்தேன்: "நீ குடுத்துவிட்ட முறுக்கைக் கடிச்சேன். பால் உடைஞ்சுபோச்சு."

"பல்."

நிறுத்தினேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பல்லு" என்றார் மறுபடி. நான் தப்பாகச் சொன்னால் அவர் குரலில் வரும் பழைய சலிப்பு அப்படியே இருந்தது.

"ஆமாங்க, பல்லு" என்றேன். அடுத்த வரியை வாசிக்கப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

இன்று அவர் சின்னச் சின்ன வார்த்தைகள் பேசுகிறார். நேற்று சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னார். உண்மைதான், நான் போட மறந்திருந்தேன். பேச்சு எப்படியும் வந்திருக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் நான் முருகனிடம் வரிசையாக எதையும் கேட்பதில்லை. அன்றைக்கு எப்படி இருக்கிறேனோ அதைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது மனசு மரத்துப்போய், கைகூப்பினாலும் வார்த்தை வராமல் இருந்தால், அதற்காக விலகி நிற்காதீர்கள். வரவில்லை என்பதையே அவனிடம் சொல்லுங்கள். அவனுக்கு அது போதும்.