கண்ணாடியில் கறுப்புத் தாள்

கடையை மூடப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. குர்காவ் ஆபீஸிலிருந்து வந்தவர் "மாற்றுகிறோம்" என்றுதான் சொன்னார். டெல்லியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து மார்க்கெட்டில் இருந்த அந்த சூப்பர் மார்க்கெட்டில் நான் அப்போது சூப்பர்வைசர். கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்த புதிதில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தவள். இந்தி கற்றுக்கொண்டதே அந்தக் கவுன்ட்டரில்தான்.

மாற்றம் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருந்தது. ஜனங்கள் இனிமேல் சாமான் வாங்க வரமாட்டார்கள், அனுபவத்துக்காகத்தான் வருவார்கள் என்று சொல்லி காபி மெஷினும் பெரிய திரையும் வைத்தார்கள். ஜனங்கள் வந்தார்கள். காபி குடித்தார்கள். எண்ணெய் டப்பாவைப் போட்டோ எடுத்து, எங்கள் ஏசியில் நின்றுகொண்டே வேறு இடத்தில் ஆர்டர் போட்டுவிட்டுப் போனார்கள். நான் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டேன். சிரிக்க வேண்டும் என்பது உத்தரவு.

அப்புறம்தான் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். இனி வாடிக்கையாளருக்கு உள்ளே இடமில்லை. போனில் ஆர்டர் வரும், நாங்கள் ஓடி ஓடி எடுத்துப் பையில் போடுவோம், பைக் ஓட்டுகிற ரைடர்கள் வாங்கிக்கொண்டு பறப்பார்கள். பருப்போடு பருப்பு, சோப்போடு சோப்பு என்ற ஒழுங்கெல்லாம் போயிற்று. எது வேகமாக விற்கிறதோ அது கதவுக்குக் கிட்டே. ரவைக்குப் பக்கத்தில் சார்ஜர் வயர், அப்பளத்துக்குப் பக்கத்தில் நாய் பிஸ்கட். மனுஷர் பார்ப்பதற்காக அடுக்கிய கடை இல்லை அது.

சிஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர். கணவர் போன பிறகு மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் தனியாக இருந்தார். தினமும் வருவார். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார், அதற்குள் என்னிடம் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார். முழங்கால் ஆபரேஷனுக்காகப் புனேவில் மகன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு, ஒரு ஜூன் மத்தியானம் கைத்தடியோடு வந்து நின்றார்.

"ஆன்ட்டி ஜி, உள்ள போக முடியாது. போன்ல ஆர்டர் பண்ணி மங்காவோ," என்று செக்யூரிட்டி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் தடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வெளியே போனேன்.

"என்ன பிள்ள, கடைக்குள்ள விடமாட்டேங்குதான்?"

விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல் கறுப்புத் தாளைப் பார்த்தார். "ஐசியூவுலகூட விசிட்டிங் அவர் உண்டு. இங்க அதுவும் இல்லியா?"

அவர் போனில் மகன் ஆப் போட்டுக் கொடுத்திருந்தார். அங்கேயே நிழலில் நிற்க வைத்து நானே ஆர்டர் போட்டேன். பால், கத்தரிக்காய், ஒரு கட்டு கொத்தமல்லி. உள்ளே ஓடி, கத்தரிக்காயை அவர் பார்க்கிற மாதிரியே திருப்பிப் பார்த்து எடுத்தேன். பையோடு கதவுக்கு வந்தபோது மேனேஜர் வழிமறித்தார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர்.

"மேடம், ரைடர் கையில் கொடுங்க. ஆர்டரில் இருக்கிற அட்ரஸில்தான் டெலிவரி ஆகணும்."

"வாங்குறவங்க வாசல்லயே நிக்கிறாங்க, சார்."

"சிஸ்டம் ஒத்துக்காது."

பைக் சிஸ்டரைத் தாண்டிப் போனது. "அது என் சாமான்தானே?" என்று கைத்தடியை நீட்டிக் கேட்டார். ரைடர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அந்த வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தார். அந்தக் காலோடு எப்படி பைக்கைப் பிடிப்பார்? கதவு திறக்கவில்லை என்று பை திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்த பாலையும் காய்கறியையும் குப்பையில் போட வேண்டும் என்பது விதி. மேலே கேமரா. நானே போட்டேன்.

சாயங்காலம் வெறுங்கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். பால் இல்லாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார்.

"பணம் திரும்பி வந்துட்டு பிள்ள. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது," என்றார். பிறகு, "உன்னையும் எடுத்துருவாங்களோ?"

"தெரியல சிஸ்டர்."

"எடுத்துருவாங்க," என்றார். வார்டில் சொந்தக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிப் பழகிய குரல்.

மழைக்காலம் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு மாலில், மேக்கப் சாமான் கடையில் நிற்கிறேன். விற்க வேண்டாம், வருகிறவர்களுக்குப் பூசிக் காட்டினால் போதும் என்கிறார்கள். வீட்டுக்குப் போய் போனில் வாங்கிக்கொள்வார்களாம். சில பெண்கள் பூசிக்கொண்டு வீடியோ எடுக்கிறார்கள். அதுவரை அவர்கள் கைப்பையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சிஸ்டர் மகனோடு புனேவுக்கே போய்விட்டார். அங்கே எல்லாமே வாசலுக்கு வந்துவிடுகிறது, வெளியே போகிற வேலையே இல்லை என்று போனில் சொன்னார். அப்போ கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது யார் என்று கேட்டேன்.