சரோஜா கொடுத்த கிட்னியும் சாயங்கால மாத்திரையும்

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை மருந்தகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்கு மருந்துகளை விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. அந்த வேலையில் என்னையே ஏகத்துக்குக் குழப்பிவிட்டவர் ரங்கசாமி.

மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். அவருக்குக் கிட்னி கொடுத்தது மனைவி சரோஜா. டிஸ்சார்ஜ் அன்று சைக்ளோஸ்போரின் மாத்திரையைக் காட்டி, இது மண்ணில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது என்றேன்.

"ஏனுங்க மேடம், பூசணம் புடிச்சதத் தொடவே கூடாதுன்னீங்க. இப்ப அதையே முழுங்கச் சொல்றீங்களே?"

"அது வேறங்க, இது வேறங்க. உங்க உடம்புக்கு இந்தக் கிட்னி அன்னியமாத் தெரியும். சண்டைக்குப் போகும். அதை இந்த மாத்திரை அடக்கி வெக்கும்."

சரோஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்ற கிட்னி அவருக்கு அன்னியமாங்க? பத்துக்கு ஒம்பது பொருத்தம் இருக்குதுன்னுதான கட்டி வெச்சாங்க!"

நான் சிரித்து அனுப்பிவைத்தேன்.

அடுத்த செக்கப்பில், கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. காலை மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுத்து, முந்தின நாள் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். அந்த லெவல் அடிமட்டத்தில் கிடந்தது. இப்படியே விட்டால் கிட்னி போய்விடும். "என்னம்மா கவுன்சலிங் பண்ணுனீங்க?" என்று டாக்டர் என்மேல் பாய்ந்தார். வேறு ஏதாவது மருந்து சேர்ந்து இதன் வீரியத்தைக் குறைத்துவிட்டதா, ஸ்டாக்கில் கோளாறா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். காலை, சாயங்காலம் இரண்டு வேளையும் தன் கையாலேயே கொடுப்பதாகச் சரோஜா சத்தியம் செய்தார். அப்படியானால் சாயங்காலம் கொடுத்த மாத்திரை எங்கே போனது என்று கேட்டேன்.

அதைக் கேட்டதும் ரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"தெனமும் துப்பிப்போட்டனுங்க. அன்னிக்கு நீங்க அன்னியம்னு சொன்னதுலருந்து ஊடு போற வரைக்கும் இவ ஒரு வார்த்தை பேசலீங்க. ஒரு வேளையாச்சும் நிறுத்திப் பாத்தா, இவ கிட்னிய ஒடம்பு தன்னால ஏத்துக்கும்னு நெனச்சனுங்க."

எனக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. சரோஜாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

"நல்லா இருக்குது மாமா உங்க நாயம்! ஒடம்பு என்னைய என்னமோ நெனச்சுட்டுப் போவுட்டும். நீங்க நெனைக்காட்டிச் செரி. வாயத் தொறங்க."

ஊசிகள் போட்டுக் கிட்னியைக் காப்பாற்றிவிட்டோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்தை விளக்கும்போது கிட்னி கொடுத்தவரின் முகத்தையும் பாருங்கள். அன்னியம் என்று சொல்லாமல் வேறு எப்படித்தான் சொல்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்கே இன்னும் பிடிபடவில்லை.